கூண்டுக் கதவைச் சாத்திய பின் தொடங்கும் கடமை



பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் நம் பிள்ளைகள் கேட்கும் பொருள்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. முன்பு கைக்கடிகாரமும் மிதிவண்டியும் கேட்டார்கள். இப்போது லவ் பேர்ட்ஸ், முயல், வெள்ளெலி, கினிபிக் என்று உயிருள்ளவற்றைக் கேட்கிறார்கள். சில நூறு ரூபாயில் கிடைத்துவிடுவதால் நாமும் மறுப்பதில்லை. கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதைவிட இது மேல் என்று எண்ணி வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து மத்ரஸாவில் பிள்ளைகளிடம் விசாரித்தால், வாங்கிய பிராணி இறந்துவிட்டது என்று இரண்டு மூன்று பேராவது சொல்கிறார்கள். "பரவாயில்லை உஸ்தாத், வாப்பா வேறு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்பதும் அந்தப் பதிலோடு சேர்ந்தே வருகிறது. பிராணியின் இறப்பைவிட இந்த இரண்டாவது வாக்கியமே எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஓர் உயிர், உடைந்த விளையாட்டுப் பொருளைப் போல மாற்றிக்கொள்ளத் தக்கது என்ற பாடத்தை நம் வீட்டில் நாமே பிள்ளைக்குக் கற்பித்துவிடுகிறோம்.

பிராணி வளர்ப்பது ஆகுமானதா என்பதில் இங்கே விவாதமில்லை. அதன் தேவைகளை அறியாமல் வாங்குவது ஆகுமா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. ஆகாது என்பதே என் கருத்து. கடையில் பணம் கொடுப்பதற்கு முன்பே அதைப் பற்றிய அறிவைத் தேடுவது நம் மீது பொறுப்பாகிவிடுகிறது. நம் வீடுகளில் இப்போது பெருகிவரும் கினிபிக்கையே எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

மார்க்கம் அனுமதித்ததும் எச்சரித்ததும்

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறுவராக இருந்தபோது ஒரு சிறு பறவையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அந்தப் பறவையைப் பற்றி அன்போடு அவரிடம் விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்தச் செய்தியிலிருந்து, துன்புறுத்தாமல் பறவை வளர்ப்பது கூடும் என ஹதீஸ் விரிவுரையாளர்கள் சட்டம் எடுத்துள்ளனர்.

அதே நூல்களில்தான் பூனையை அடைத்து வைத்த பெண்ணின் செய்தியும் உள்ளது. அந்தப் பூனையின் காரணமாக அவள் நரகத் தண்டனைக்கு உள்ளானாள். அவள் பூனையை அடித்ததாகவோ வெட்டியதாகவோ அங்கே சொல்லப்படவில்லை. அடைத்து வைத்தாள், உணவு கொடுக்கவில்லை, அதுவாகத் தேடித் தின்னவும் விடவில்லை. அவளுடைய குற்றம் இவ்வளவுதான். சற்று நிதானித்துப் பார்த்தால், கூண்டில் வைத்துப் பராமரிக்கத் தவறும் எவருடைய நிலையும் இதுவே என்பது விளங்கும்.

பூமியில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் வாழ்வாதாரம் தருவது அல்லாஹ்வின் பொறுப்பு என்று குர்ஆன் 11ஆம் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தில் காண்கிறோம். மரத்தில் இருக்கும் அணிலின் உணவைப் பற்றி நம்மிடம் கேள்வி இல்லை. ஆனால் ஓர் உயிரைப் பிடித்துக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தும்போது, அது தன் உணவைத் தேடிச் செல்லும் வழியை நாம் அடைத்துவிடுகிறோம். அந்த நொடி முதல் அதன் பசிக்கும் தாகத்துக்கும் நாமே பதில் சொல்ல வேண்டும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதை வெறும் நல்லுபதேசமாக விட்டுவிடவில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், மனைவி மக்களுக்கான செலவுகளைக் கூறும் பாடத்திலேயே பிராணிகளுக்கான தீனியும் தண்ணீரும் உரிமையாளரின் கடமை என்று கூறப்படுகிறது. அவர் கொடுக்க மறுத்தால் தீனி போடவோ விற்றுவிடவோ, உண்ணத் தக்க பிராணியானால் அறுத்துவிடவோ கட்டாயப்படுத்தப்படுவார். ஹனஃபி மத்ஹபிலும் இது மார்க்கக் கடமையே.

தொழுபவர் தொழுகையின் சட்டங்களையும், வணிகம் செய்பவர் வணிகத்தின் சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டும் என்று நம் அறிஞர்கள் சொல்வார்கள். தான் இறங்கியிருக்கும் காரியத்துக்குத் தேவையான அறிவைப் பெறுவது அவரவர் மீது கடமை. பிராணி வாங்குபவருக்கும் இதே விதிதான். உணவளிப்பது கடமை என்றால், எது அதற்கு உணவு என்று அறிவதும் கடமையல்லவா?

அன்பு மட்டும் போதாது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். கினிபிக்கின் தூரத்து உறவாக டெகு என்ற சிறு பிராணி உண்டு. சிலி நாட்டைச் சேர்ந்த அது இப்போது ஐரோப்பிய வீடுகளிலும் வளர்க்கப்படுகிறது. கினிபிக்குக்கு ஒரு சிறு துண்டு கொய்யா நன்மை செய்யும். டெகுவின் உடலோ சர்க்கரையைத் தாங்காது. பழம் கொடுத்துப் பழக்கினால் நீரிழிவு வந்துவிடும். டெகுவுக்கு மணலில் புரண்டு உடலைச் சுத்தம் செய்வது தேவை, கினிபிக்குக்குத் தேவையில்லை. டெகு சக்கரத்தில் ஓடி மகிழும். அதே சக்கரம் கினிபிக்கின் முதுகெலும்பைக் கெடுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே வகைப் பிராணிகளாகத் தோன்றும். ஒன்றுக்குச் செய்யும் உபகாரமே மற்றொன்றுக்கு உபத்திரவமாகிவிடுகிறது.

பெயரில் உள்ள பன்றி

பாடநூல்களில் இதற்குக் கினிப்பன்றி என்று பெயர். அதனால் இதை வீட்டில் வைக்கலாமா, தொட்டால் நஜீஸா என்று சிலர் கேட்கிறார்கள். இது பன்றியினம் அன்று. அணிலையும் எலியையும் போலக் கொறிக்கும் பிராணி. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டு விலங்காக்கிவிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. பெயர் ஒரு வழக்கு மட்டுமே. பெயரை வைத்துச் சட்டம் மாறாது.

எனினும் அதன் கழிவு விஷயத்தில் கவனம் வேண்டும். சிறுநீரோ புழுக்கையோ பட்ட ஆடையோடு தொழாமல் மாற்றிக்கொள்ள வேண்டும். தொழும் இடத்தில் கூண்டை வைக்கக் கூடாது. தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். படர்தாமரை போன்ற தோல் நோய் இதனிடமிருந்து மனிதருக்குத் தொற்றக் கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

பிராணி வீட்டுக்கு வந்த அன்றே உறவினர் பிள்ளைகள் எல்லாரும் கூடி ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்ப்பதுதான் நம் வழக்கம். கினிபிக் இயல்பிலேயே வேட்டையாடப்படும் பிராணி. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் நகம்தான். முதல் இரண்டு மூன்று நாள் அமைதியான மூலையில் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கம் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கூண்டுக்குள் வையுங்கள். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் அது துணிந்து வெளியே வரும். கடையில் என்ன தின்றதோ அதையே முதலில் கொடுத்து, சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

பிறகு பிள்ளை கூண்டருகே தரையில் உட்கார்ந்து, கையில் கொத்தமல்லித் தழையை வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். அது தானாக வந்து வாங்கித் தின்னச் சில நாள் ஆகலாம். பொறுமையைப் பற்றிப் பத்து முறை பாடம் நடத்துவதைவிட இது பிள்ளைக்கு நன்றாகக் கற்பிக்கும். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்புறத்தைத் தாங்கியும் இருக்க வேண்டும். சிறுவர்கள் தரையில் அமர்ந்த நிலையில் மட்டுமே மடியில் வைக்க வேண்டும். நிற்கும் பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுந்தால் எலும்பு முறிந்துவிடும்.

தீனி

கினிபிக்கின் முதன்மை உணவு புல். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மெல்லுவதால்தான் அவை தேயும். குடலும் நாரின்றி இயங்காது. ஆகவே உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து தெளிக்காத, வாகனப் புகை படாத இடத்தில் பறித்த அருகம்புல்லைக் கழுவிக் கொடுக்கலாம். நெல் வைக்கோல் இதற்கு ஈடாகாது; அதில் சத்துக் குறைவு.

மனிதரைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானாக உருவாக்கிக்கொள்ளாது. நாள்தோறும் உணவில் கிடைக்காவிட்டால் மூட்டு வலித்து, நடக்க மறுத்து, முடி கலைந்து, மெல்ல மெல்ல வாடி இறக்கும். "நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று செத்துவிட்டது" என்று சொல்லப்படும் பல இறப்புகளுக்குப் பின்னால் இந்தக் குறைபாடு இருக்கலாம். குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை, வாரம் ஓரிரு முறை சிறு கொய்யாத் துண்டு ஆகியவை போதும். முயலுக்கான குருணைத் தீனியைச் சிலர் இதற்கும் போடுகிறார்கள். அதில் இந்தச் சத்து இருக்காது.

சோறு, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு, பால், வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். பிரியாணியில் ஒரு பிடி வைப்பது பாசமாகத் தோன்றலாம். அதன் குடலுக்கு அது வேதனை. தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். தன் மென்மையான புழுக்கையை அதுவே தின்பதைக் கண்டால் அருவருக்க வேண்டாம். சத்தை மீண்டும் பெறுவதற்காக அல்லாஹ் அதற்கு அமைத்த வழி அது.

இடமும் வெயிலும்

கடையில் தரும் கம்பிக் கூண்டு கொண்டுசெல்வதற்கு உரியது, குடியிருப்பதற்கு உரியதன்று. இரண்டு கினிபிக்குகளுக்குக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள தரைப்பரப்பு தேவை. கம்பி வலைத் தரையில் பாதம் புண்ணாகும். அடியில் செய்தித்தாளும் மேலே பழைய பருத்தித் துணியும் விரித்து, நாள்தோறும் ஈரப்பகுதியை மாற்றினால் செலவும் குறைவு. மரத்தூளின் பொடி மூச்சுக் கோளாறு தரும், தவிர்த்துவிடுங்கள்.

நம் ஊரில் இவற்றைக் கொல்லும் முதல் எதிரி வெயில் என்பேன். மலைக் குளிரில் தோன்றிய இனம் இது; வியர்வையால் உடலைக் குளிர்விக்க இதற்கு இயலாது. 30 பாகை செல்சியஸை நெருங்கும்போதே துன்பப்படத் தொடங்கும். அக்னி நட்சத்திர நாள்களில் மொட்டைமாடியிலோ தகரக் கூரையின் கீழோ வைப்பது நெருப்பருகே வைப்பதற்குச் சமம். வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையில் கூண்டை வைத்து, ஒரு பக்கம் ஈரத்துணி தொங்கவிட்டு, உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம். மேமாதப் பகலில் இவ்வளவும் செய்ய இயலாத வீட்டில் இதை வாங்காதிருப்பதே இரக்கம்.

துணையும் பெருக்கமும்

குர்ஆன் 6ஆம் அத்தியாயம் 38ஆவது வசனத்தில், விலங்குகளையும் பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்ற பொருளில் அல்லாஹ் குறிப்பிடுகிறான். கினிபிக்கைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்பது புரியும். அவை ஒன்றையொன்று அழைத்து, ஒட்டி உறங்கி, கூட்டமாகவே வாழ்பவை. தனியாக வைத்தால் ஒடுங்கிப்போகும். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிபிக்கைத் தனியாக வளர்ப்பதற்குச் சட்டமே தடை விதித்துள்ளது. முயலைத் துணையாக விடுவது தீர்வன்று. முயலிடமிருந்து நோய் தொற்றும், அதன் உதையில் காயமும் ஏற்படும்.

ஆனால் கடைக்காரர் ஜோடி என்று ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் கொடுப்பார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குட்டிகள் வரும். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் சினையாகும். ஆண் குட்டிகள் மூன்று வாரத்திலேயே பருவமடையத் தொடங்கும். ஆண்டு முடிவதற்குள் வீடு நிறைந்துவிடும். தாயின் உடலும் நைந்துவிடும். ஆகவே இரண்டு பெண்களாகக் கேட்டு வாங்குங்கள். தாயைப் பிரிந்த மிகச் சிறு குட்டிகளை அழகுக்காக வாங்காதீர்கள். ஒரு பயணத்தில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட்டதால் பதறிய பறவையைக் கண்டு, அவற்றைத் திரும்ப விடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி அபூதாவூதில் உள்ளது.

பேசாத பிராணியின் நோய்

வயிறு முதுகோடு ஒட்டிய ஓர் ஒட்டகத்தைக் கண்டபோது, பேச இயலாத இந்தப் பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. பேச இயலாமை என்ற அந்தக் காரணம் கினிபிக்கிடம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வேட்டையாடப்படும் பிராணிகள் நோயை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் எதிரி வருவான் என்பது அவற்றின் இயல்புணர்வு. நாம் கவனிக்கும் அளவுக்கு அது சோர்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்றே பொருள்.

எனவே வாரத்துக்கு ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை குறைவதே முதல் அறிகுறி. அரை நாள் எதுவும் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. நமக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவும் கூடாது. அமாக்ஸிஸிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் இதன் குடலைச் சிதைத்து உயிரைப் பறித்துவிடும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் அருகில் யார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

இரண்டு மறுப்புகள்

மனிதர்களே பட்டினி கிடக்கும்போது எலி போன்ற ஒன்றுக்கு இவ்வளவு கவலையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏழையின் பசி தீர்ப்பது முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கினிபிக்கை வாங்கும்படி எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பி ஏற்ற அமானிதத்தை, வேறொரு நன்மையைக் காட்டிக் கைவிட முடியாது. இயலாதவருக்கு வாங்காமல் இருக்கும் வழி எப்போதும் திறந்தே உள்ளது.

அடைத்து வைப்பதே பாவம், அவிழ்த்து விட்டுவிடலாமே என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். பள்ளிவாசல் தோட்டத்திலோ கபரஸ்தானிலோ கொண்டுவிட்டு வருபவர்களும் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்த இந்த இனத்துக்கு நம் மண்ணில் காடு இல்லை. விட்ட அன்றிரவே நாயோ பூனையோ அதை முடித்துவிடும். அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுவது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. வளர்க்க முடியாவிட்டால், வளர்க்கத் தெரிந்தவரைத் தேடி ஒப்படைப்பதே முறை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

கினிபிக் 5 முதல் 8 ஆண்டு வரை வாழக் கூடியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்று வாங்கினால், அவன் பள்ளிப் படிப்பை முடிக்கும்போதும் அது வீட்டில் இருக்கும். பிள்ளையின் ஆர்வம் இரண்டு மாதத்தில் தணிந்துவிடலாம்; பொறுப்பு உங்களுடையதாகவே நிற்கும். ஆகவே பிள்ளை கேட்டவுடன் வாங்காதீர்கள். ஒரு மாதம் தவணை சொல்லுங்கள். அந்த மாதத்தில் அதன் உணவு, இடம், நோய் பற்றி அவனே படித்து உங்களுக்குச் சொல்லட்டும். நாள்தோறும் அதிகாலையில் எழுந்து தண்ணீர் மாற்றுவேன் என்பவன், அந்த ஒரு மாதம் ஃபஜ்ருக்கு எழுந்து காட்டட்டும். ஆர்வம் அப்போதும் நிலைத்திருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

அல்லாஹ்வின் நாட்டப்படி அது இறந்துவிட்டால், அன்றே இன்னொன்றை வாங்கிப் பிள்ளையின் அழுகையை அடக்காதீர்கள். அபூ உமைரின் பறவை இறந்து அவர் வருந்தியிருந்தபோது, அந்தச் சிறுவரின் துயரை அற்பமாக எண்ணாமல் நபி (ஸல்) அவர்கள் அருகில் சென்று பேசினார்கள். நாமும் பிள்ளையோடு உட்கார்ந்து, எங்கே குறை வைத்தோம் என்று பேசி, ஒரு குழி தோண்டிப் புதைப்போம். அந்த அழுகை அவன் உள்ளத்தை மென்மையாக்கும்.

நம் வீட்டுக் கூண்டில் உள்ள எந்த உயிரும் மறுமையில் நமக்கு எதிராக முறையிடாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.